செருகினால் கரகரக்கும்

ரேடியோ ரிப்பேர் கடைக்கு நல்ல செய்தி சொல்ல யாரும் வருவதில்லை. டாக்டர் தொழிலுக்கும் எங்கள் தொழிலுக்கும் அந்த ஒன்றுதான் ஒற்றுமை. மற்றபடி டாக்டரிடம் போய், "வேற டாக்டர் இல்லையா?" என்று முகத்துக்கு நேரே யாரும் கேட்கமாட்டார்கள். என்னிடம் கேட்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் நானும் என் வீட்டுக்காரர் மணியமும் சின்னதாக ஒரு கடை போட்டோம். கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது, வீடுகளுக்கு ஒயர் இழுப்பது அவர் வேலை. கடை மேசை என் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ரேடியோ பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் ஈயம் பற்றவைத்துப் பழகிய கை என்னுடையது. மேசைக்கு வரும் புகாரில் பாதி ஒரே புகார்தான்: பேட்டரியில் போட்டால் நன்றாகப் பாடுகிறது, ஒயரைச் செருகினால் கரகரக்கிறது. நீங்களும் பட்டிருப்பீர்கள். பேட்டரி தீர்கிறதே என்று சுவரில் செருகுவோம். கரண்டோடு சேர்ந்து ஊரில் உள்ள சத்தமெல்லாம் பெட்டிக்குள் வந்து குடியேறிவிடும்.

அநேகம் பேருக்கு அது வெறும் எரிச்சல். சிவகுரு ஐயாவுக்கு மட்டும், மகள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதே அந்தச் சத்தத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தக் கரகரப்போடு நான் மாரடித்த கதையையும் கொஞ்சம் கேட்டுவிடுங்கள்.

அண்ணே எப்ப வருவாரு?

கடை திறந்த புதிதில் ஒரு லோரி டிரைவர் வந்தார். கையில் டேப் ரெக்கார்டர், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய புது அடாப்டர். செருகினால் பாட்டுக்குப் பின்னால் வண்டு குடைகிற மாதிரி ஒரு ரீங்காரம். நான் முதலில் பேட்டரி போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கடையில் இருந்த அடாப்டரைச் செருகினேன், அதுவும் சுத்தம். ஆக, நோய் பெட்டிக்கு இல்லை, அவர் வாங்கிய அடாப்டருக்கு. கரண்டை வடிகட்டுகிற கண்டென்சர் மட்டமான சரக்கு. அவர் கண் முன்னாலேயே செருகியும் பிடுங்கியும் காட்டினேன். எல்லாம் புரிந்தது போலத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார், அண்ணன் வரட்டும் என்று.

மணியம் வந்தார். பெட்டியைத் தொடக்கூட இல்லை. "என்னா சொன்னா அவ?" என்று கேட்டார். அடாப்டர் என்றார் டிரைவர். "அப்ப அடாப்டர்தான்" என்று சொல்லிவிட்டு இவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். டிரைவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளம்பும்போது அவரே எனக்கு ஆறுதலும் சொன்னார்: "நீங்க சொன்னதும் சரிதான் அக்கா, ஆனா அண்ணே வாயால கேட்டாத்தான் மனசு ஆறுது லா."

கை வைத்தால் நின்றது

ஆடி மாதம், ஒரு அம்மன் கோயில். ஆம்பிளிஃபயரைச் செருகியதும் ஒலிபெருக்கி முழுக்க ஒரே உறுமல். மணியம் அதன் தகர உடம்பின் மேல் கை வைத்தார், உறுமல் நின்றது. கையை எடுத்தார், திரும்ப வந்தது. காரணம் ஒன்றும் பெரிதில்லை. பெட்டிக்கு எர்த் இல்லை, மனித உடம்பே எர்த்தாகிவிட்டது. மணியம் கம்பி வாங்கக் கடைக்குப் போன இடைவெளியில், கோயில் கமிட்டியார் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ராமு என்கிற தொண்டரைப் பெட்டி பக்கத்தில் உட்காரவைத்து, பூஜை முடியும்வரை கையை எடுக்காதே என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சாப்பாடு கொண்டு போனபோது பார்த்தேன். அபிஷேகத் தண்ணீர் ஓடுகிற தரை, வெறுங்கால், ஈர வேட்டி, கரண்டுப் பெட்டி மேல் கை. யாரையும் கேட்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பூஜையில் சத்தம் நின்றுபோனதற்கு எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். உயிர் போயிருந்தால் யாரை ஏசியிருப்பார்கள் என்று நானும் திருப்பிக் கேட்டேன். மணியம் வந்து, குழாயடியில் ஒரு கம்பியை நட்டு, தண்ணீர் ஊற்றி, ஒயரை இழுத்தார். உறுமல் போய்விட்டது. எல்லாருக்கும் நிம்மதி, ராமுவைத் தவிர. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்: "பூஜை முடியிற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன்னு அம்மாகிட்ட வேண்டிக்கிட்டேன் அக்கா, இப்ப கம்பிய நட்டுட்டீங்க, என் வேண்டுதல் என்னாவுறது?"

கரண்டு வந்த வீடு

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து புஷ்பம் என்கிற பால்மரம் வெட்டும் பெண் வந்தாள். அவள் புருஷன் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரன். வேலை பெர்மிட் கிடைக்காமல் ஊருக்குக் கப்பலேறியவன். ஊர் என்றால் தமிழ்நாட்டில் அவன் அப்பா பிறந்த ஊர், இவன் முன்பின் பார்த்தறியாத ஊர். பிள்ளைகள் இங்கே பிறந்து குடியுரிமை பெற்ற நீலக் கார்டுப் பிள்ளைகள், அதனால் புஷ்பம் போகவில்லை. இரண்டு பேருக்கும் எழுத்து வராது. யாராவது கப்பலில் போனால், வந்தால், கையோடு கேசட் கொடுத்தனுப்புவார்கள். புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை எல்லாம் கேசட்டில்தான்.

கடைசியாக அவள் அனுப்பிய கேசட்டில் ஒன்றும் கேட்கவில்லை என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான். போட்டுப் பார்க்கச் சொல்லி அவள் எடுத்த இன்னொரு கேசட்டைக் கொடுத்தாள். பெரியவன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைச் சொல்கிறாள், சின்னது மழலையில் அப்பாவைக் கூப்பிடுகிறது. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஙொய்யென்று ஒரு இரைச்சல். தோட்டத்து பேக்டரி இஞ்சினிலிருந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் புதிதாகக் கரண்டு கொடுத்திருக்கிறார்கள். அதில் செருகிப் பேசியிருக்கிறாள்.

பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை, பேசி எடுக்கும்போது மட்டும் பேட்டரி போட்டுக்கொள் என்றேன். அவள் கிளம்பவில்லை. பேட்டரி வாங்கச் சங்கடமோ என்று, கடையில் பாதி தீர்ந்து கிடந்ததை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "மொத பக்கம் ஒயர்லயே பேசிடறேன் அக்கா, லயத்துக்குக் கரண்டு வந்துருச்சின்னு நான் சொன்னத அவரு நம்பல, சத்தத்தக் கேட்டா நம்புவாரு."

பெட்டியைத் தரமாட்டார்

இனி சிவகுரு ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், பிள்ளை என்று ஒரே மகள். அவளைக் கொழும்பில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, ஈப்போவில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருந்தார். கடைக்கு வந்தால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். அதனால் எனக்கு அவர் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடியில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த வாரத்தில் ஒரு நாள் பிற்பகல் அவர் கடைக்கு வந்தார். நாற்காலியைத் துடைக்கவில்லை, உட்காரவும் இல்லை. மகளுக்குப் போன் போகவில்லை. தந்திக்குப் பதில் இல்லை. மகள், மருமகன், பேரப்பிள்ளை என்று மூன்று பேர் அங்கே. இருக்கிற ஒரே வழி, சிற்றலையில் வரும் வெளிநாட்டுச் செய்தி. அதைக் கேட்கிற பெட்டிதான் கரகரக்கிறது. பேட்டரியில் போடலாமே என்றேன். பழைய பேட்டரி உள்ளேயே கசிந்து, கம்பிச்சுருள் எல்லாம் துருவேறிப் போய்விட்டதாம். செருகித்தான் கேட்டாக வேண்டும்.

செருகினால் செய்தி வாசிப்பவர் ஒரு வார்த்தை சொல்வார், அடுத்த வார்த்தையைக் கரகரப்பு தின்றுவிடும். எந்தத் தெரு, எந்த வட்டாரம் என்பது எப்போதும் அந்தத் தின்ற வார்த்தையில்தான் இருக்கும். பெட்டியைக் கொண்டு வாருங்கள், இன்றைக்கே பார்த்துத் தருகிறேன் என்றேன். கொண்டுவருகிற நேரத்தில் செய்தி வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாரோ என்னவோ, என்னை நிமிர்ந்து பார்த்து முதல் தடவையாகக் கெஞ்சும் குரலில் பேசினார்: "பெட்டியை வீட்டை விட்டு எடுக்க ஏலாது பிள்ளை, நீர் ஒருக்கால் வந்து பாரும்."

விளக்கு வைக்கிற நேரம்

மணியம் ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் இருந்தார். கடையைச் சாத்திவிட்டு நானே பையை எடுத்துக்கொண்டு போனேன். பொழுது சாய்ந்துவிட்டது. செய்திக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன், குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு சும்மா உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கரகரவென்று வரும், நிற்கும், வரும், நிற்கும். ஒரே தாளம். பழுதான பெட்டி தாளம் தப்பாமல் இரையாது. இது வேறு எங்கிருந்தோ ஒயர் வழியாக வருகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் மேடம் லியோங் என்கிற சீன அம்மாள். அவர் வீட்டு முன்கூடத்தில் சாமி மேடை, இறந்துபோன கணவரின் படம், இரண்டையும் சுற்றி மின்னி மின்னி எரியும் சிவப்பு விளக்குச் சரம். விளக்கு மின்னினால் இங்கே கரகரப்பு, அணைந்தால் இங்கே அமைதி. அந்தச் சரத்தின் உள்ளே விளக்கை மின்ன வைக்கிற சின்ன சுவிட்சில் பொறி பறக்கிறது. ஒரு கண்டென்சர் போட்டால் தீர்ந்தது. ஆனால் அது என் பையில் இல்லை.

அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். நம் வீடுகளில் விளக்கை அணை என்று வாயால்கூடச் சொல்லமாட்டோம், குளிரவை என்போம். அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில், மகள் உயிர் ஊசலாடும்போது, இன்னொரு வீட்டுச் சாமி விளக்கை அணைக்கச் சொல்வதா? "வேண்டாம். அது என்ரை பிள்ளைக்கு ஆகாது" என்றார். செய்தி கேட்காமல் போனாலும் போகட்டும் என்று பெட்டியைக்கூட நிறுத்தப் போனார். சாஸ்திரம் பார்க்கிற நேரமா இது என்று எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளையாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்பதும் தெரிந்தது.

கண்டென்சர் போட அனுமதி கேட்டுவைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், ஐயாவின் மகள், கொழும்பு, நெருப்பு, ரேடியோ என்று துண்டு துண்டாகச் சொன்னேன். விளக்கை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவே இல்லை. அவர் எழுந்தார், கணவர் படத்துக்கு முன்னால் நின்று கை கூப்பினார், சுவிட்சைத் தட்டினார். ராத்திரி பகல் எரிகிற விளக்கு, கணவர் போன நாளிலிருந்து அணையாதது என்று பிறகுதான் அறிந்தேன். நான் பதறியதைப் பார்த்து, தன் கணவர்தான் ஏற்கெனவே இறந்துவிட்டாரே, பரவாயில்லை, அவரால் காத்திருக்க முடியும் என்று மலாயில் சொன்னார்: "லாக்கி சாயா சுடா மாத்தி, தாக் ஆப்பா, டியா போலே துங்கு."

துல்லியம்

திரும்பி வந்தபோது செய்தி ஆரம்பித்திருந்தது. கரகரப்பு சுத்தமாக இல்லை. வாசிக்கிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. என் தொழிலில் அப்படி ஒரு துல்லியம் வந்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இல்லை. எரிந்த தெருக்களைச் சொன்னார்கள், பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் ஒதுங்கியிருக்கும் குடும்பங்களைச் சொன்னார்கள், இறந்தவர் தொகை இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். நடுவில், மகள் குடியிருந்த வட்டாரத்தின் பெயரை எந்த மறைப்பும் இல்லாமல் முழுசாகச் சொன்னார்கள்.

ஐயா செய்தி முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினார். பக்கத்து வீட்டு மேடை இருண்டு கிடந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வட்டாரத்தின் பெயர் முன்பே பாதியாகக் காதில் விழுந்ததாம், வேறு ஏதோ ஊர் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு நாளும் பிழையாய்க் கேட்டிட்டன் எண்டு இருந்தனான் பிள்ளை, இனி அப்பிடி இருக்கேலாது."

கண்டென்சரோடு போன அன்று

அடுத்த நாளே போயிருக்கலாம் என்பீர்கள். கண்டென்சரை எடுத்துக்கொண்டு போகத்தான் செய்தேன். மேடம் லியோங் விளக்குச் சரத்தைத் தொட விடவில்லை. ஐயாவின் மகளைப் பற்றித் தகவல் வரட்டும், அப்புறம் விளக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டார். கணவர் படத்துக்கு ஒரு சின்ன எண்ணெய் விளக்கு மட்டும் வைத்திருந்தார். ஐயாவும் அவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலிக் கம்பியில் தொங்கும் ஒரு கிண்ணத்தில், அந்த அம்மாள் வீட்டிலிருந்து தினமும் ஐயாவுக்குக் கஞ்சி மட்டும் வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து நான் திரும்பப் போனபோது ஐயாவுக்குத் தந்தி வந்திருந்தது. மகளும் பேரப்பிள்ளையும் கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மருமகன் இல்லை. அதை அவர் நிதானமாகச் சொன்னார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான். அந்த மருமகனை நான் பார்த்ததுகூட இல்லை. ரேடியோ அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐயா சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பக்கத்து வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வாசல்படி ஏறியது அன்றுதானாம். மகள் இருக்கிறாள், மருமகன் இல்லை என்று மலாயில் சொன்னார். மேடம் லியோங் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய் சுவிட்சின் மேல் வைத்தார்.

விளக்குச் சரம் மின்ன ஆரம்பித்தது. அதே நொடியில் ஐயாவின் வீட்டு ரேடியோவும் அங்கிருந்து கரகரக்க ஆரம்பித்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, பையிலிருந்து கண்டென்சரை எடுத்து, இப்போதே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். இரண்டு பேருமே என் பக்கம் திரும்பவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே ஐயா சொன்னார்: "இரையட்டும் பிள்ளை, நான் கேட்க வேண்டியதைக் கேட்டிட்டன்."

பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் போதும், அதைச் சரிசெய்யத்தான் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கப் பழகுவதற்குள் கடையையே மூடும் வயது வந்துவிட்டது.